கிளினிக்கில் நான் நீட்டிய பத்திரம்

என் மகளின் இடது கையை முதன்முதலாக எக்ஸ்ரே எடுத்த அன்று நான் ஒரு பொய் சொன்னேன். வாயால் சொல்லவில்லை. பிள்ளைக்கு எத்தனை வயது என்று டொக்டர் அம்மா கேட்டதற்கு, சட்டைப் பையில் இருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அதில் இருந்த தேதிப்படி அவளுக்கு ஒன்பது வயதும் இரண்டு மாதமும். உண்மையில் அவளுக்கு ஏழரை.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்டி டவுனில் ஒரு சில்லறைக் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற வேலை. வடக்கில் சண்டை நடந்த வருஷங்கள் அவை. டவுனுக்குப் போகிற பஸ்ஸைப் பாலத்தடியில் நிறுத்தி, தமிழ் ஆட்களை மட்டும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நான் படியிறங்கும்போது என் மனைவி பின்னாலேயே வருவாள்.

“இந்தாங்க, அந்தத் துன்னூற அழிச்சுட்டுப் போங்க. கோயிலுக்கா போறீங்க?”

அழிக்க எனக்கு மனசு வராது. விரலால் தேய்த்து, இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி மெல்லிசாக்கிக்கொள்வேன். பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

ஒருநாள் அவள் வேறு விஷயத்தோடு படியடிக்கு வந்தாள்.

“பாப்பாவ டொக்டர்கிட்டக் காட்டணும்.”

“காய்ச்சலா?”

“இல்ல.”

“பின்ன?”

“பொம்பள சங்கதி. கேக்காதீங்க.”

ஏழரை வயதுப் பிள்ளைக்குப் பொம்பளை சங்கதி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சில நாளாகவே கவனித்திருக்கிறாள். பெரிய பிள்ளையாகப் போகிறவர்களின் உடம்பில் தெரிகிற மாற்றங்கள் இவளுக்கு இப்போதே தொடங்கியிருந்தன. ஒரு வருஷத்துக்குள் பள்ளிக்கூடச் சட்டையின் மடிப்பை இரண்டு தரம் பிரித்துவிட்டாளாம். மூன்றாம் வகுப்பில் அவளைக் கடைசி வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்குப் பலகை தெரியாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை “டீச்சர்” என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளே வந்து பெருமையாகச் சொல்லியிருந்தாள். நான் சிரித்தேன். நெட்டையாக வளர்கிறாள், என்னைப்போல இல்லாமல் நல்லா வரட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். ஆகையால் பெரியாஸ்பத்திரிக்கு நானும் போக வேண்டியதாயிற்று. அந்தக் கிளினிக்கில் என் பாடு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் மனைவியிடம் கேட்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். நான் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொல்வேன். தகப்பன் வாயால் கேட்கக் கூடாத கேள்விகள் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு என் வாயால்தான் வந்தன. டொக்டர் அம்மாவுக்கு அதெல்லாம் காய்ச்சல், இருமல் மாதிரித்தான்.

பிறகு அளந்தார்கள். நர்ஸ் மிஸ் ஒருவர் பிள்ளையின் செருப்பைக் கழற்றி, ரிப்பனை அவிழ்த்து, பின்னலைத் தட்டையாக்கிச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் பலகையை இறக்கினார். அதோடு விடவில்லை. தாய் தகப்பனின் உயரமும் வேண்டுமாம், அதை வைத்துத்தான் பிள்ளை எவ்வளவு வளர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்களாம். என்னையும் சுவரோடு நிறுத்தினார்கள்.

“அப்பா, குதிய ஊணுங்க! மிஸ், அப்பா எம்புறாங்க!” என்று மகள் சத்தம் போட்டாள்.

உண்மையில் எம்பத்தான் செய்தேன். என் மனைவியிடம் மிஸ் கொண்டையைத் தொட்டுக் காட்டி அவிழ்க்கச் சொன்னார். அத்தனை பேருக்கு முன்னால் அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்றது அதுதான் முதல் தடவை. அவளும் சிரித்துவிட்டாள்.

இடது கை எக்ஸ்ரே வந்ததும் டொக்டர் அம்மா ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் கை எலும்புகள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கை. எங்கள் பிள்ளையின் கையை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். பத்தரை வயதுப் பிள்ளையின் எலும்பு என்றார்.

“கொஞ்சம் முந்தித்தான் போகுது. ஆனாலும் ஒன்பது வயசுப் பிள்ளைதானே, சில பேருக்கு இப்படி வரும். எட்டு வயசுக்கு முன்னால தொடங்கினா நாங்க விடமாட்டோம். எலும்பு சீக்கிரமே மூடிக்கொள்ளும், பிள்ளை அதற்குப் பிறகு வளராது. இது அப்படி இல்லை. ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

நான் மனைவியிடம் திரும்பி, “ஒண்ணும் பயமில்லையாம். ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க,” என்றேன்.

பஸ் தரிப்பிடத்தில் அவள் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டாள். பிள்ளை கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

“டொக்டரம்மா எட்டுன்னு என்னமோ சொன்னாங்களே, அத ஏன் நீங்க சொல்லல?”

சந்தைக்குப் போகிறவளுக்கு எண்கள் தெரியாமலா இருக்கும்? வேறு எந்தச் சொல்லைத் தவறவிட்டாலும் அந்த எட்டை அவள் பிடித்துவிட்டாள். பிள்ளைக்குக் கேட்காமல் முழுவதையும் சொன்னேன்.

“அப்ப நம்ம புள்ளைக்குத்தான் அந்த வருத்தம்.”

“பாப்போம். ஆறு மாசந்தானே?”

“ஆறு மாசத்துல அவ வயசுக்கு வந்து குந்திட்டான்னா? மூணாம் வகுப்புல எந்திரிச்சு நிக்கிற புள்ளைக்குச் சட்டையில கறை பட்டா, அவளுக்கு என்னான்னு தெரியும், சொல்லுங்க? செத்துப்போகப் போறேன்னு நெனச்சு அழுவா.”

பஸ் வந்தது, ஏறினோம்.

அந்தப் பத்திரத்தின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு மூத்தது ஒரு பெண். ஐந்து மாதம் இருந்தாள். காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள். என் மனைவியின் அண்ணன்தான் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் தேயிலை மலையோரமாகக் குழி வெட்டினார். பிறப்பைப் பதிந்திருந்தோம். இறப்பைப் பதியச் சொன்னார்கள், நான் போகவில்லை. என் கையால் கையெழுத்து வைத்து அவளை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு இவள் பிறந்தாள். அப்போது சிங்களப் பகுதியிலேயே பெரிய குழப்பம். யாரோ துண்டுக் கடதாசி எழுதிப் போட்டால் கடை மூடும், பஸ் ஓடாது. வீதியோரம் டயரில் மனிதர்கள் எரிந்த காலம். ஊரடங்குக்குள் மச்சானின் லயத்தில்தான் பிரசவம். பதிவு செய்கிறவரின் கந்தோர் பூட்டியே கிடந்தது. நாள் போக, நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்கு வர, பதிவு விட்டுப்போயிற்று. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பத்திரம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது மூத்தவளின் பத்திரம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண் பிள்ளை, அதே தாய், அதே தகப்பன். வயது கூடுதலாக இருக்கிறதே என்று அதிபர் கேட்டார். தோட்டத்தில் இருந்ததால் பிந்திவிட்டது என்றேன். அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் மூத்தவளின் பெயர், வீட்டில் இவளுடைய பெயர். பள்ளிப் பெயர் என்று ஒன்று தனியாக இருக்கும் என்றே பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி அந்தப் பள்ளிப் பெயரை ஒருநாளும் உச்சரித்ததில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

உண்மையைச் சொல்ல நான் பயந்தது வீணான பயம் அல்ல. எங்கள் கடையில் வேலை செய்த ஒருவரின் அடையாள அட்டையில் ஒரு வருஷமும், பொலிஸில் பதிந்த வீட்டுப் படிவத்தில் வேறொரு வருஷமும் இருந்ததற்கு மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். செத்த பிள்ளையின் பத்திரத்தை உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வைத்திருக்கிறேன் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் எப்படிச் சொல்வது?

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து இறங்கினார். தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கிறாள். கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய், வைக்கோலுக்குள் பொதிந்த நாட்டுக்கோழி முட்டை.

“எங்க என் மருமக? மச்சான், குச்சு கட்ட ஓல வெட்டணுமா வேணாமா? முன்கூட்டியே சொன்னாத்தான் தோட்டத்துத் தொரைகிட்ட லீவு கேக்கலாம்.”

பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து ஓலையால் குச்சு கட்டி அவளை அதற்குள் உட்கார வைக்க வேண்டும், அது அவருடைய உரிமை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது இடுப்புக்குப் பலம். முட்டையைக் கண்டதுமே மகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

“அண்ணே, வாய மூடு. அவ இன்னும் வயசுக்கு வரல,” என்றாள் என் மனைவி.

“வரப்போறான்னுதானே சொல்லி அனுப்புன?”

“வரக்கூடாதுன்னுதான் டொக்டர்கிட்டப் போயிருக்கோம்.”

மச்சான் முட்டைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு விழித்தார். “வரக்கூடாதுன்னா? ஊரு ஒலகத்துல வரணும்னுதான் பூச பண்ணுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா இதுவும் சரிதான். மூத்தவ இருந்திருந்தா, அவளுக்கே இது கொஞ்சம் முந்திதான்.”

எங்கள் வீட்டில் பல வருஷமாக யாரும் மூத்தவள் என்ற சொல்லைப் பேசியதில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பத்திர விஷயத்தை அவருக்குச் சொன்னேன்.

“நல்லா இருக்கு,” என்றார் மச்சான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. “நான் குழி வெட்டி வச்ச புள்ளைய நீங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. இப்ப ஆஸ்பத்திரியிலயும் அவளுக்குத்தான் வைத்தியமா? அப்ப இந்தப் புள்ளைக்கு யாரு மச்சான் வைத்தியம் பாக்கறது?”

முட்டைகளை வைத்துவிட்டு அன்றைக்கே போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மகள் பேரில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். ஐயர், “பெயர், நட்சத்திரம்?” என்றார். வழக்கம்போல வீட்டுப் பெயரைச் சொன்னேன், இவள் பிறந்த நட்சத்திரத்தைச் சொன்னேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஐயர் மந்திரத்துக்குள் அந்தப் பெயரை இழுத்துச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் அறிந்த சாமிக்கு அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொல்கிறேன். எதுவும் அறிய வழியில்லாத அந்த டொக்டர் அம்மாவிடம் பொய்யைக் கொடுத்துவிட்டு வைத்தியம் கேட்கிறேன். சாமி என்னதான் செய்வார்? வேண்டுதல் எதுவும் வைக்காமல் கும்பிட்டுவிட்டு வந்து, “திங்கக்கிழம கிளினிக்குக்குப் போறோம்,” என்றேன். என் மனைவி ஏன் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் அம்மா எங்களைப் பார்த்ததும், “ஆறு மாசம் ஆகல்லயே?” என்றார். பிள்ளையை வெளியே மிஸ்ஸிடம் விட்டுவிட்டு நான் சொல்லத் தொடங்கினேன். கடையில் இத்தனை வருஷம் பேசிய சிங்களம் அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. பிள்ளைக்கு ஏழரை என்றேன். பத்திரம் வேறு பிள்ளையுடையது என்றேன். டொக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டார்.

“வேறு பிள்ளை என்றால் யாருடைய பிள்ளை?”

“எங்களுடையதுதான்.”

“அந்தப் பிள்ளை எங்கே?”

நான் மனைவியைப் பார்த்தேன்.

“சரி. போன மாசம் ஒன்பது என்றீங்க. இன்றைக்கு ஏழரை என்றீங்க. நான் எதை நம்பி மருந்து எழுதுறது? இது சாதாரண மருந்து இல்லை.”

அப்போது என் மனைவி பைக்குள் கையை விட்டு இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைத் தராசில் நிறுத்து, மாதா மாதம் மருத்துவிச்சி புள்ளி வைத்துக் கொடுக்கிற அட்டை. இவளுடைய அட்டையில் பிறந்த தேதியும், ஊசி போட்ட தேதிகளும் மருத்துவிச்சியின் கையெழுத்தில் இருந்தன. புள்ளிகள் மேலே மேலே ஏறிப் போயிருந்தன. மற்றதில் நாலு புள்ளி. அதற்குப் பிறகு வெறும் கோடுகள். அந்த அட்டையை அவள் வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் எந்தச் சேலைக்குள் மடித்து வைத்திருந்தாளோ.

டொக்டர் அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலு புள்ளி இருந்த அட்டையில் விரலை வைத்துக்கொண்டு, “இது மூத்தவளா?” என்று தமிழில் கேட்டார். உடைந்த தமிழ்தான். என் மனைவி தலையை ஆட்டினாள். அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“பொலிஸ் வேலை எனக்கு வேணாம்,” என்று பிறகு என்னிடம் சிங்களத்தில் சொன்னார். “பிள்ளையின் வயசுதான் வேணும்.” பழைய தாளில் ஒன்பதை வெட்டி ஏழரை என்று எழுதினார். “இப்ப பாருங்க. எலும்பு மூன்று வருஷம் முந்தி ஓடுது. இப்படியே விட்டா உங்க மனைவியின் உயரத்துக்குக்கூட வரமாட்டாள்.” பிறந்த பிள்ளையைப் பிந்திப் பதிவு செய்ய வழி இருக்கிறது, அந்த அட்டையையே கொண்டு போங்கள் என்றும் சொன்னார். கடைசியில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொன்னாள். எங்கள் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் மட்டும் இருந்த பெயரை அவள் சத்தமாகச் சொன்னாள். எழுத்துப் பிசகக் கூடாது என்று இரண்டாம் தரமும் சொன்னாள்.

அடுத்த கிழமை ஒரு காலை முழுவதும் பிள்ளையைக் கட்டிலில் வைத்திருந்தார்கள். முதலில் ஓர் ஊசி, பிறகு அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் இரத்தம். தலைக்குள் இருக்கிற சின்னச் சுரப்பி உடம்பை எழுப்பிவிடத் தொடங்கிவிட்டதா என்று அந்த இரத்தத்தில் அளந்து பார்ப்பார்களாம். கையில் ஊசிக்குழாயைச் செருகியபோது மட்டும் அழுதாள். பிறகு ஒவ்வொரு தரமும், “மிஸ், இன்னும் எத்தன போத்தல்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொழும்பில் இருந்து முடிவு வர நாளாயிற்று. வந்தபோது டொக்டர் அம்மா சொன்னதுதான் சரியாக இருந்தது. தலைக்குள் வேறு கோளாறு இல்லை என்றும் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நாலு கிழமைக்கு ஓர் ஊசி, பதினொரு வயது வரைக்கும்.

முதல் ஊசி போட்டுவிட்டு வந்த அன்று பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். நான் பூசைத் தட்டுக்கு முன்னால் அவளை உட்கார வைத்துச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் முதலில் பிடித்துக்கொண்டது வயதைத்தான்.

“அப்ப எனக்கு ஒன்பது இல்லையா? ஏழரையா? பக்கத்து வீட்டுக்காரிக்கு எட்டு! அவளுக்கு நான் அக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கேனே!”

“இனிமே அவதான் உனக்கு அக்கா,” என்றேன்.

“ஐயோ அப்பா, அவகிட்டச் சொல்லிடாதீங்க!”

கொஞ்ச நேரம் தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயிடம் கேட்டாள்.

“அப்ப எனக்கு நெசமாவே ஒரு அக்கா இருந்தாளா?”

“இருந்தா.”

“பள்ளிக்கூடத்துல கூப்பிடுறது அவ பேரா?”

“ஆமாம், பாப்பா.”

“அப்ப அவ பேர அவளுக்கே குடுத்துடுங்க. நான் எம்பேர எழுதிக்கிறேன். எனக்கு அதுதான் லேசு, எழுத்துக் கொறவு.”

என் மனைவி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கால்கள் பாயைத் தாண்டி வெளியே கிடந்தன. இருந்தும் அவள் மடியில் கிடந்தாள்.

நானும் மச்சானும் சேர்ந்து பதிவுக் கந்தோருக்குப் போனோம். அதற்காகவே லீவு எடுத்துக்கொண்டு அவர் வந்தார், சாட்சிக் கையெழுத்தும் வைத்தார். ஒரு தாளில் பிறப்பு, ஒரு தாளில் இறப்பு. இறப்புத் தாளில் முதல் எழுத்தை வைத்துவிட்டுப் பேனாவைத் தூக்கினேன். “மெதுவா வைங்க மச்சான், அவசரமில்ல,” என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வருமென்று நான் பயந்த பொலிஸ் வரவே இல்லை. அதிபர் மட்டும் பள்ளிக்கூடத்துப் பழைய பெயர் இடாப்பைத் திருத்தும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆறாவது ஊசிக்குப் போனபோது பிள்ளையை மறுபடியும் சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். மிஸ் பழைய தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், இன்னொரு தரம் இறக்கிப் பார்த்தார். முன்பு மாதத்துக்கு மாதம் எகிறியது, இப்போது மற்றப் பிள்ளைகளைப் போல மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது என்றார். எக்ஸ்ரேயும் அப்படித்தான் சொன்னது. கைக்குள் எலும்பு அவளுக்காகக் காத்து நின்றது. நான் மனைவியிடம் திரும்பி, ஒரு சொல்லையும் விடாமல், அத்தனையையும் சொன்னேன். “ரொம்ப வளரல்லயா? நெசமாவா? இன்னொருக்காக் கேளுங்க,” என்று அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.